சீனியம்மாளின் மூச்சு

பெனடிக்ட் தொலைபேசியில் காரணம் சொல்லவில்லை. "மேல வாங்க மேடம். ஒண்ணு காட்டணும்" என்றார்.

சுகிர்தா கையுறையைக் கழற்றினாள். அன்று காலை இரண்டு குழந்தைகளுக்குக் காதின் பின்னால் எலும்பைத் திறந்து சுரண்டியிருந்தாள். அடுத்த குழந்தை வெளியே தகப்பன் தோளில் கிடந்தது. அதன் தலையை ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்தார்கள். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ஆய்வகத்தில் பெனடிக்ட் ஒரு கண்ணாடித் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சிவப்புப் பரப்பில் கிருமி மெல்லிய பூச்சாகப் படர்ந்திருந்தது. நடுவில் மருந்து தோய்ந்த காகிதப் பொட்டு. பொட்டைச் சுற்றி எதுவும் வளராத ஒரு வட்டம்.

"எந்த மருந்து?"

"அமாக்சிசிலின்."

"விளையாடாதீங்க சார்."

"நானும் நம்பாம திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். எங்கப்பா காலத்து மருந்து. கிருமி செத்து வட்டம் விழுது பாருங்க."

சுகிர்தா அந்த வட்டத்தைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள்.

கடைசி மருந்தும் பயனற்றுப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதன் பிறகு காதுவலி சின்ன நோயாக இல்லை. சளி பிடிக்கும். காதுக்குள் சீழ் கட்டும். சீழ் பின்னாலுள்ள எலும்பை அரிக்கும். எலும்புக்கு அடுத்தது மூளை. எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் குழந்தை பிழைக்கும். அந்தக் காது கேட்காது.

ஊர்கள் அதற்குப் பழகிக்கொண்டன. இடது காது போன பிள்ளைகளை வகுப்பில் இடது சுவரோரம் உட்கார வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு, எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். காதுகுத்தில் தாய்மாமன் மடியில் இருக்கும் குழந்தையிடம் எந்தப் பக்கமாகக் குனிந்து பேசுவது என்று சொந்தக்காரர்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு காது உள்ளவருக்குச் சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மாலையில் தெருவில் ஒரு தாய் கூப்பிட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த ஊர்ப் பிள்ளை?" என்றாள் சுகிர்தா.

"அருப்புக்கோட்டை. வழியில எவனோ கம்பவுண்டர் பழைய மாத்திரையைக் குடுத்திருக்கான். இங்க வந்து சேரும்போது காய்ச்சலே இல்ல. போன மாசமும் ஒரு பிள்ளை இப்படி வந்துச்சு. அதுவும் அருப்புக்கோட்டை."

"எப்படி சார் ஒரு ஊர்ல மட்டும்?"

பெனடிக்ட் தட்டை மூடினார். "இந்தக் கிருமிக எப்படி மருந்தை ஜெயிச்சது? பக்கத்துல செத்துக் கிடக்கிறதோட மரபணுவைப் பிச்சு எடுத்துத் தனக்குள்ள சொருகிக்கும். ஒண்ணு சாகும். அதுக்குத் தெரிஞ்சது சாகாது. இத்தனை வருஷமா அப்படித்தான் ஏறிக்கிட்டே வந்திருக்கு. இது வேற சாதி மேடம். செத்ததைத் தொடவே மாட்டேங்குது. அதுக்கான வாசலே இதுகிட்ட இல்ல."

"வளர்த்து எல்லாருக்கும் குடுத்துட்டா?"

"பாத்தேன். தட்டுல கொஞ்ச நாள் வளர்ந்தா ஒட்டுற குணம் போயிடுது. ஆனா மூக்குல இருந்து நேரா வந்ததுன்னா, மத்த கிருமியை எல்லாம் தள்ளிவிட்டுட்டு உக்காந்துக்கும். ஆள்கிட்ட இருந்து ஆளுக்குப் போனாத்தான் உண்டு." அவர் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "அந்த ஆள் யாருன்னு பாக்கணும்."

கீழே குழந்தை காத்திருந்தது. சுகிர்தா போய் அதன் எலும்பைத் திறந்தாள்.

*

அருப்புக்கோட்டையில் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் எதுவும் பொதுவாக இல்லை. வேறு தெரு, வேறு தண்ணீர். இரண்டு வீடும் ஒன்றையொன்று அறியாது. மூன்றாவதாக ஒரு குழந்தை கிடைத்தது. அதன் கிருமியும் வட்டம் காட்டியது. அந்த வீட்டுப் பெண் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பிள்ளையைச் சீனியக்காதான் குளிப்பாட்டுச்சு."

மற்ற இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டியது அவள்தான். பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுவது சீனியம்மாளின் வேலை. வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான, வேகமான பெண். கணவன் இல்லை. ஒரே மகள் கார்த்தீஸ்வரி நூற்பாலையில் வேலை பார்த்தாள்.

"குளிப்பாட்டி முடிச்சதும் மூக்குலயும் காதுலயும் ஊதுவீங்களா?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஊதுறதா? நானா? சேச்சே."

எல்லா வீட்டிலும் அதே பதில்தான் வந்தது. சேச்சே. ஊதினால் குழந்தைக்குக் கிருமி போகும், ஊதக்கூடாது என்று செவிலியர்கள் ஒரு தலைமுறையாகச் சொல்லி வந்திருந்தார்கள். சுகிர்தாவே தாய்மார்கள் கூட்டத்தில் அதைப் பேசியிருக்கிறாள்.

பெனடிக்ட் வேறு வழி பார்த்தார். குளிப்பாட்டுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சீனியம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு கால்களை நீட்டி உட்கார்ந்தாள். குழந்தையைக் கணுக்கால்களின் மேல் குப்புறப் போட்டாள். வெந்நீர் ஊற்றினாள். திருப்பினாள். கைகள் நிற்கவே இல்லை. துண்டில் சுற்றி எடுத்து முகத்தருகே கொண்டு போனாள். அவள் கன்னம் உப்பியது. அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

பெனடிக்ட் சிரித்தார். "ஊதுங்கக்கா. அதுக்குத்தான மதுரையில இருந்து வந்திருக்கோம்."

"ஊதினா போலீசுன்னு நர்சம்மா சொல்லுச்சு."

"நாங்க போலீசு இல்லக்கா."

"எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் வாராக."

குழந்தையின் தாய் வாசலில் நின்று, "ஊதாம எப்படி டாக்டர்? தண்ணி உள்ளேயே நிக்குமே" என்றாள். அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. சீனியம்மாள் குழந்தையின் ஒரு காதில் ஊதினாள். மறு காதில் ஊதினாள். மூக்கின் மேல் வாயை வைத்து மெல்ல ஊதினாள். குழந்தை கண்களைச் சுருக்கியது.

அவள் மூக்கிலிருந்து எடுத்த சளியைத் தட்டில் இட்டார்கள். மறுநாள் வட்டம் விழுந்தது.

*

மருத்துவமனை வளாகத்துக்குள் சீனியம்மாளுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். தினமும் காலையில் குழந்தைகள் வந்தன. மதுரையிலிருந்து முதலில். பிறகு தேனி, ராமநாதபுரம், புதுக்கோட்டை. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஊதினாள்.

அந்தக் கிருமி ஒரு குழந்தையிடம் ஓராண்டு தங்கும். பிறகு மங்கிவிடும். அவளை விட்டு மட்டும் போகவே இல்லை. ஏன் என்று பெனடிக்டுக்குத் தெரியவில்லை. ஆனால் போதுமான குழந்தைகளிடம் ஒரே சமயத்தில் அது இருந்துவிட்டால் தானாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், பழைய கிருமிகளை வெளியேற்றிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதுவரை சீனியம்மாள் வேண்டும்.

அவள் வெளியே போகக் கூடாது. எந்த மாத்திரையும் எடுக்கக் கூடாது. முதலில் அவளிடம் வருகிற எல்லோரும் முகக்கவசம் அணிந்தார்கள். பிறகு பெனடிக்டே வேண்டாம் என்றுவிட்டார். அவளிடம் இருப்பதை வேறெந்தக் கிருமியும் அசைக்காது. மகள் வாரம் ஒருமுறை சோறு கொண்டு வந்தாள்.

"குளிப்பாட்டிட்டே கொண்டாறாக" என்று சீனியம்மாள் சுகிர்தாவிடம் குறைப்பட்டாள். "பவுடர் போட்டு, பொட்டு வெச்சு, போட்டோ எடுக்கப் போற மாதிரி. குளிப்பாட்டாம ஊதுறது என்ன ஊத்து? டயருக்குக் காத்தடிக்கிறவன் கணக்கா உக்காந்திருக்கேன்."

"கொஞ்ச நாள்தான்க்கா."

"நேத்து ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டாந்து காலடியில வெச்சுட்டுக் கும்பிடுறா. ஏம்மா, நான் இன்னும் சாகலைன்னேன். சிரிக்க மாட்டேங்குறா."

மழைக்காலம் வந்தது. அவள் ஊதிய குழந்தைகளுக்கும் சளி பிடித்தது. சிலவற்றுக்குக் காதும் வலித்தது. அமாக்சிசிலின் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. கார்த்திகையில் ஒரு நாள் சுகிர்தா அறுவை அறைக்குப் போனபோது மேசை காலியாக இருந்தது. செவிலியர், "இன்னிக்கு யாரும் இல்ல மேடம்" என்றாள். சுகிர்தா அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். குளிர்சாதனத்தின் ஓசை மட்டும் இருந்தது. எழுந்து போக மனம் வரவில்லை.

*

மாசியில் சீனியம்மாளுக்குக் காது வலித்தது.

சுகிர்தா கருவியை வைத்துப் பார்த்தாள். செவிப்பறை சிவந்து வெளியே பிதுங்கியிருந்தது. அவளுடைய கிருமியே மூக்கிலிருந்து காதுக்கு ஏறியிருந்தது.

திட்டத்தை நடத்திய மருத்துவர் குழு கூடியது. பெனடிக்ட் முதலில் பேசினார். இன்னும் ஆறு மாதம் அவள் ஊதினால் போதும் என்றார். பிறகு வேறு யாரும் பேசத் தேவைப்படவில்லை. எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். காது அவளுடைய துறை.

அவள் நேராகச் சீனியம்மாளின் வீட்டுக்குப் போய் அவளைச் சன்னலோரம் உட்கார வைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்று வழியில் முடிவு செய்திருந்தாள்.

"அக்கா, இது அமாக்சிசிலின்ல போயிடும். அஞ்சு நாள்."

"குடுங்க தாயி. உயிர் போகுது."

"குடுக்க முடியாதுக்கா."

சீனியம்மாள் காதைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"அஞ்சு நாள் சாப்பிட்டா காதுல இருக்கிறது சாகும். மூக்குல இருக்கிறதும் சேர்ந்து செத்துடும். அப்புறம் நீங்க ஊதுறது வெறும் காத்து."

"அப்ப என் காது?"

"சுத்தம் பண்ணிக்கிட்டே இருப்போம். தானா ஆறலாம். ஆறலைன்னா எலும்பைத் திறந்து..."

"பிள்ளைகளுக்குச் செய்வீகளே, அது."

"ஆமா."

"என்கிட்ட வாங்கிட்டுப் போன பிள்ளைக்கு மாத்திரை. எனக்குக் கத்தி."

சுகிர்தா தலையை அசைத்தாள்.

"நல்லா இருக்குடியம்மா உங்க நியாயம்" என்றாள் சீனியம்மாள். பிறகு, "நான் மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டாள்.

"சொல்லலாம்க்கா. ஊருக்குப் போயிடலாம். அங்க டாக்டர் மாத்திரை தருவாரு. யாரும் உங்களைப் பிடிச்சு வைக்க முடியாது."

சன்னலுக்கு வெளியே மரத்தடியில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சீனியம்மாள் அவர்களைப் பார்த்தாள். சுகிர்தாவும் பார்த்தாள். இதையெல்லாம் சொல்வதற்கு அந்தச் சன்னலோரத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அதுல ஒண்ணு அழுதுக்கிட்டே இருக்கு. பசியா இருக்கும்" என்றாள் சீனியம்மாள். "உள்ள வரச் சொல்லுங்க."

அன்றும் ஊதினாள். ஒவ்வொரு முறையும் ஊதும்போது காதுக்குள் அழுத்தம் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. தாய்மார்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அடுத்த நாட்களில் சீழ் வெளியே வந்தது. சுகிர்தா காலையும் மாலையும் பஞ்சால் துடைத்தாள். காதுக்குள் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்றாள் சீனியம்மாள். ஒரு பிள்ளை இல்லை, நிறைய. வலிக்கும் காதில் இப்படிச் சத்தம் வருவது உண்டு என்று சுகிர்தா விளக்கினாள். "உங்களுக்குக் கேக்குதா?" என்று சீனியம்மாள் கேட்டாள். இல்லை என்றாள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது, குழாயை மூடிவிட்டு நின்று கேட்டாள்.

பங்குனி பாதியில் சீழ் நின்றது. வலி இல்லை என்றாள் சீனியம்மாள். ஒரு வாரம் கழித்து லேசாகத் திரும்பியது, மறுபடி நின்றது. பிறகு வரவே இல்லை. செவிப்பறை வெளுத்து, அதிலிருந்த ஓட்டை மூடிக்கொண்டது. மூக்கில் கிருமி அப்படியே இருந்தது. பெனடிக்ட் அதைத் தட்டில் பார்த்துவிட்டு வந்து சுகிர்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உடம்பே பாத்துக்கிச்சு மேடம். கத்தி தேவைப்படல."

"வட்டம் பாத்தீங்களா?"

"கிருமி இருக்கான்னு மட்டும் பாத்தேன், மருந்துப் பொட்டு வைக்கல. அதுதான் செத்ததுகிட்ட எதையும் வாங்காதுல்ல. எங்க இருந்து மாறும்?"

சுகிர்தா அன்று நன்றாகத் தூங்கினாள்.

*

ஆடியில் திருப்புவனத்திலிருந்து ஒரு குழந்தை வந்தது. சித்திரையில் சீனியம்மாள் ஊதிய குழந்தை. காதில் சீழ். அமாக்சிசிலின் தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள் காதின் பின்புறம் வீங்கியது. சுகிர்தா எலும்பைத் திறந்தாள். நீண்ட நாளாகிவிட்டதால் செவிலியர் கருவிகளைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் மானாமதுரையிலிருந்து இன்னொரு குழந்தை. அதுவும் சித்திரை.

பெனடிக்ட் இந்த முறை மேலே கூப்பிடவில்லை. தானே இறங்கி வந்தார். கையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கிருமி பொட்டின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது.

"பழைய கிருமி திரும்பிடுச்சா?" என்றாள்.

"இல்ல. நம்மளுதுதான். அதே சாதி." அவர் உட்கார்ந்தார். "எல்லா மருந்தையும் போட்டுட்டேன், எதுக்கும் வட்டம் விழல."

"சீனியக்காவோடது?"

"நேத்து எடுத்தேன். அதுலயும் வட்டம் இல்ல."

"யார்கிட்ட வாங்குச்சு?"

"யார்கிட்டயும் வாங்கல. தானா மாறியிருக்கு. பக்கத்துல மருந்து கொஞ்சமா, அரைகுறையா இருந்தாத்தான் அப்படி மாறும். அவங்க எங்க மருந்து சாப்பிட்டாங்க?"

"ஒட்டுற குணம்?" என்று சுகிர்தா கேட்டாள்.

"அது போகல." பெனடிக்ட் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். "அது நல்லாத்தான் இருக்கு."

*

சீனியம்மாள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். ஊதுவதற்கு முன் எப்போதும் கொப்பளிப்பாள். வெளியே மரத்தடி நிறைந்திருந்தது.

"அக்கா, உங்க காது எப்படிச் சரியாச்சு?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"திட்டக் கூடாது."

"திட்டல."

"கார்த்தீசு மெடிக்கல்ல வாங்கியாந்தா. நீங்கதான பேரு சொன்னீக. அந்த மாத்திரையை இப்பல்லாம் யாரும் கேக்குறதே இல்லையாம். சும்மா கிடக்குதுன்னு அட்டையோட குடுத்துட்டானாம். தயிர்ச்சோத்துக்குள்ள வெச்சுக் கொண்டாந்துட்டா. கழுதை, அவளுக்கு அம்மா காது பெருசு."

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"பயப்படாதீக டாக்டரம்மா. முழுசாத் திங்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு நாள் தின்னா எல்லாம் செத்துப்போகும்னு சொன்னீகல்ல. அப்புறம் பிள்ளைகளுக்கு என்னத்த ஊத? அதான், வலி நின்னதும் நிறுத்திட்டேன். பாதி செத்துச்சு, பாதி இருக்கட்டும்னு. மறுபடி வலிச்சப்ப இன்னும் ரெண்டு. அம்புட்டுத்தான். கார்த்தீசு மிச்சத்தையும் தின்னும்மான்னு ஒரே சண்டை. நான்தான் அவளைத் திட்டி அனுப்பினேன். ஊர்ப் பிள்ளைக கதி என்னாகும்னு."

சுகிர்தா சன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தாள்.

"உங்க கிருமிக்கு ஒண்ணும் ஆகலல்ல? சார் வந்து பாத்துட்டு, இருக்குன்னு சொன்னாரே."

"இருக்கு."

"பின்ன என்ன? ஏன் முகம் இப்படி ஆகுது?"

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. தினமும் மரத்தடி நிறைந்திருந்தது. தினமும் எல்லோரும் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். போன இடத்தில் அக்காக்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பார்கள். அதுதான் திட்டமும்.

"நான் தப்பு எதுவும் பண்ணலல்ல?" என்றாள் சீனியம்மாள்.

"இல்லக்கா."

"அப்ப வரச் சொல்லுங்க. வெயில் ஏறுது."

"இன்னிக்கு வேண்டாம்க்கா. நீங்க உள்ளேயே இருங்க."

சீனியம்மாள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

சுகிர்தா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மரத்தடியில் எல்லோரும் எழுந்தார்கள். முதலாவதாக நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "எங்க ஊரு தொண்டி டாக்டர். முதல் பஸ்ஸுக்கே ஏறிட்டோம்" என்றாள். குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கி, நன்றாகத் தெரியட்டும் என்று அருகே நீட்டினாள். குழந்தை விழித்திருந்தது. அதன் மூச்சு சுகிர்தாவின் கழுத்தில் பட்டது.

அவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். சுகிர்தா வாயைத் திறந்தாள்.

மாசியிலிருந்து அவள் தினமும் சீனியம்மாளின் அறையில், முகக்கவசம் இல்லாமல், முகத்துக்கு முகம் வைத்து, அந்தக் காதைத் துடைத்தும் பார்த்தும் வந்திருக்கிறாள்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.